சூடாகாத அச்சுப்பொறி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காதுக்குப் பின்னால் ஆளுக்கொரு நினைவுச் சில்லு இருக்கிறது. பெண்டாட்டியின் பிறந்த நாள், முந்தாநாள் தின்ற கறி, பக்கத்து வீட்டுக்காரனோடு பாதியில் விட்ட சண்டை, எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது. நினைத்த மாத்திரத்தில் நாக்கு நுனியில் வந்து விழும். அப்படியிருந்தும் காலையில் எழுந்ததும் அத்தனை பேரும் வரிசையில் வந்து நின்று, “சீட்டைக் காகிதத்தில் கொடு” என்கிறார்கள். சொந்த மண்டைக்குள் இருப்பதை நம்ப மாட்டார்கள். பொடியைத் தூவிச் சுட்டெடுத்த காகிதத்தை நம்புவார்கள். அப்புறம் எதற்கு மண்டையில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டால், கேட்டவனைத்தான் பைத்தியம் என்பார்கள்.

சந்திரனில் அல்லிக்குழி என்னும் குடியிருப்பில் இது தினப்படி நடப்பது. பெரிய கண்ணாடி மூடி ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஊர் அது. உள்ளே ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர். காலை ஏழு மணிக்குக் காற்று அலுவலகத்தின் ஜன்னல் திறக்கும். இன்றைக்கு எந்தக் கதவு வழியாகப் போகலாம், எந்தக் கூடத்தில் எத்தனை மணி நேரம் மூச்சு விடலாம் என்று அச்சடித்த சீட்டை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அதே விவரம் சில்லிலும் ஏறிவிடும். கதவுகள் சில்லைப் பார்த்துத்தான் திறக்கின்றன. சீட்டை எந்தக் கதவும் பார்ப்பதில்லை. இருந்தாலும் சட்டைப் பையில் சீட்டு இல்லாமல் ஒருவரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். சாயங்காலம் சீட்டுகளெல்லாம் கூழ்த்தொட்டிக்குப் போகும். நேற்று ஒருவர் மூச்சு விட்ட காகிதத்தில் இன்று இன்னொருவர் மூச்சு விடுவார்.

அந்தச் சீட்டை அடிக்கும் அச்சுப்பொறிக்குள் ஓடும் மின்கம்பிகளைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான் ஒச்சப்பனின் வேலை.

ஒச்சப்பனுக்கு எழுபத்திரண்டு வயது. உசிலம்பட்டிப் பக்கம். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அல்லிக்குழியில் சில்லு வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான். கதவுகளுக்குக் காட்ட ஒரு தகட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தார். “ஓட்டை போட்டா உள்ள போறது மட்டும்தான் போகுமா? வெளிய போறதும் போகும்ல?” என்பார்.

அவருடைய அச்சுப்பொறி பீரோ அளவு இருக்கும். காகிதத்தின் மேல் கரும்பொடியைத் தூவி, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி, இருநூறு டிகிரிச் சூட்டில் பொடியை உருக்கி ஒட்டவைக்கும். அந்தச் சூட்டுக்கு நாலு விரற்கடைப் பக்கத்தில் கம்பிகள் போகின்றன. கம்பியின் பிளாஸ்டிக் தோல் நூறு டிகிரியில் இளகும். அதற்கு மேல் போனால் உருகும். ஆகவே கம்பிகளைக் கண்ணாடி நூலில் நெய்த உறைக்குள் நுழைத்து, வளைவுகளில் மஞ்சள் டேப் சுற்றி, சூடு படாத பக்கமாக ஒதுக்கிக் கட்ட வேண்டும். பூமியில் இது பெரிய காரியமில்லை. அங்கே சூடான காற்று தானாக மேலே போய்விடும். சந்திரனில் காற்றுக்கும் எடை ஆறில் ஒரு பங்குதான். சூடான காற்று எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, சூடான இடத்திலேயே உட்கார்ந்துவிடும். உள்ளே ஒரு விசிறி வைத்து விரட்டினால்தான் மேல்வாயில் இருக்கும் கம்பிவலை வழியாக வெளியே போகும்.

அவர் இங்கே வந்தது முழங்கால் ஒதுக்கீட்டில். பூமியில் நடக்க முடியாமல் போனவர்களுக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு இருக்கிறது. உசிலம்பட்டியில் அவர் மகன் வீட்டுப் பின்னறையில் மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தார். கழிப்பறைக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இங்கே அவருடைய எடை பதினொரு கிலோ. வந்து இறங்கிய அன்று தானாக எழுந்து நின்றவர், அன்று முழுக்க உட்காரவே இல்லை. யாரிடமும் பேசாமல் நடந்துகொண்டே இருந்தார். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

இப்போது அந்த நடைக்குத்தான் ஆபத்து. மூடி போட்ட ஊரில் புகை என்றால் எமன். சின்னதாகப் புகைந்தாலும் அத்தனை கதவுகளும் தாமாக அடைத்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் அவரவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே அல்லிக்குழியில் ஒரு சட்டம் உண்டு. ஒருவருடைய பொறுப்பில் மூன்று முறை புகை வந்தால், அவர் அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். ஒச்சப்பனின் அச்சுப்பொறி நாலு மாதத்துக்குள் இரண்டு முறை புகைந்துவிட்டது.

“என்ன பெருசு, மூணாவது எப்ப? சொன்னீங்கன்னா முன்னாடியே குளிச்சிட்டு வந்துருவேன்,” என்றான் வரிசையில் நின்ற ஒருவன். முதல் புகையின்போது குளியலறையில் சோப்பு நுரையோடு ஆறு மணி நேரம் நின்றவன் அவன்.

இரண்டாம் புகை அடங்கிய மறுநாள் ஒச்சப்பன் அச்சுப்பொறியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே தலையை நுழைத்தார். பக்கத்தில் அளவன் நின்றான். அளவன் ஆளில்லை, பாதுகாப்புத் துறையின் சோதனை எந்திரன். பெரிய குடையை மடக்கி நிறுத்தியது போல இருப்பான். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பான். படிவத்தில் கட்டம் இருந்தால் எழுதுவான். கட்டம் இல்லையென்றால் விட்டுவிடுவான்.

“உறையின் தரம் சரி. சுற்றிய முறை சரி. கட்டிய இடமும் சரி,” என்றான் அளவன். “ஆகவே தவறு சுற்றியவருடையது.”

“எல்லாம் சரின்னு சொல்லிட்டு எப்பிடிடா என் தப்புங்கிற?”

“‘காரணம்’ என்பதற்குப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று பொருள். மற்றொன்று ஆள். பொருள் சரியாக இருக்கிறது.”

“நல்லாருக்குடா ஒன் நியாயம்,” என்று சொல்லிவிட்டு ஒச்சப்பன் கருகிய கம்பிக்கட்டை வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த எரிச்சல் மெல்லப் போய், வேறு ஒன்று வந்தது.

“ஏய், இங்க பாரு. உருளைக்கிட்ட இருக்கிற பக்கம் புதுசு மாதிரி கெடக்கு. ஒரு சேதமில்ல. உருளைய விட்டுத் தள்ளி, அந்தா மேல, வலைக்கிட்ட இருக்கிறதுதான் வெந்துருக்கு. அடுப்புக்குள்ள வெச்சது வேகல, பரண்ல வெச்சது வெந்துருச்சு. எந்த ஊருலயாச்சும் இப்பிடி நடக்குமா?”

“இந்த ஊரில் இரண்டு முறை நடந்திருக்கிறது.”

“மேல்வாய்ச் சூட்டை அளக்கிறயா நீ?”

“ஒவ்வொரு நிமிடமும். காலையில் அறுபது டிகிரி. மாலையில் அறுபது. நண்பகல் பன்னிரண்டேகால் முதல் ஒரு மணி வரை நூற்றுத் தொண்ணூறு.”

ஒச்சப்பன் தலையைத் தூக்கினார். கண்ணாடி நூல் உறைக்குள் இருந்தாலும் கம்பி நூற்றைம்பதுக்கு மேல் தாங்காது. “நூத்தித் தொண்ணூறா? எத்தன நாளா?”

“ஐந்து மாதங்களாக. அதற்கு முன் நண்பகலில் நூற்று இருபது.”

“இத்தன நாளா ஏன்டா சொல்லல?”

“எவரும் கேட்கவில்லை.”

“அந்த நேரத்துல என்னத்த அச்சடிக்கிறாக?”

“‘கதவு விதிகள், மூன்றாம் பிற்சேர்க்கை.’ முந்நூறு பக்கங்கள். நாள்தோறும்.”

“யாரு படிக்கிறா அத?”

“எவரும் இல்லை. தட்டிலிருந்து நேராகக் கூழ்த்தொட்டிக்குப் போகிறது.”

ஒச்சப்பன் மேல்வாயின் வலையைக் கழற்றினார். வலையின் மேல் வட்ட வட்டமாகத் தேய்ந்த அடையாளங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய வட்டங்கள், உள்ளங்கை அகலத்துக்கு. கம்பிகளின் இடுக்கில் கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்து முகர்ந்தார். கடுகு. அதை ஒட்டிக்கொண்டு அரை உளுத்தம்பருப்பு, நன்றாகச் சிவந்தது.

“பிரிண்டருக்குத் தாளிக்கிற சோலி என்ன இருக்கு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் அல்லிக்குழியின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே அடுப்பு என்பது பொதுச் சமையலறையில் மட்டும்தான். வீட்டிலோ அலுவலகத்திலோ சூடு பண்ணத் தடை. சமைத்ததை டப்பாக்களில் அடைத்து, யார் கையையும் சுட்டுவிடக் கூடாது என்று முப்பத்து நாலு டிகிரிக்கு ஆறவைத்துத்தான் வெளியே விடுவார்கள். சாம்பார் சாதம் உள்ளங்கைச் சூட்டில் இருக்கும். ரசம், வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி இருக்கும். இதற்கும் ஒரு சில்லு உண்டு. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டால் எதைத் தின்றாலும் சுடச்சுடத் தின்பது போலவே தோன்றும். வியர்க்கக்கூட வியர்க்கும். முக்கால்வாசிப் பேர் வைத்திருந்தார்கள்.

அச்சுக்குப் பொறுப்பான குமாஸ்தா தனிஸ்லாஸ், தூத்துக்குடிக்காரர். நாற்பது வயது. ஒச்சப்பன் கடுகை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“அது டோனர் பொடி அண்ணாச்சி. சமயத்துல உருண்டுக்கிடும்,” என்றார் தனிஸ்லாஸ், கையைப் பார்க்காமலே.

“உருண்டு உளுந்தாவும் மாறிக்கிருமாய்யா?”

“எல்லா மாதிரியும் வரும் அண்ணாச்சி. மட்டமான பொடி.”

“சரி. நாளைக்கு மத்தியானம் உள்ள நின்னு பாக்குறேன்.”

“மத்தியானம் ஆகாது! அது அச்சு நேரம்லா? உள்ள வெளி ஆள் மூச்சுப் பட்டா எழுத்து கலங்கிரும்.”

“காலையில ஆயிரத்து நானூறு பேரு ஜன்னல்ல மூஞ்சியக் கொண்டாந்து வெச்சு மூச்சு விடுறான். அதுக்குக் கலங்கலயா?”

தனிஸ்லாஸ் ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவசர வேலை இருப்பவரைப் போல உள்ளே போனார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அச்சறையின் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது. ஒச்சப்பன் அதற்குள் தரைக்கடியில் கம்பிகள் போகும் சந்துக்குள் இறங்கிவிட்டார். பூமியில் என்றால் அந்தச் சந்துக்குள் அவரைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டியிருக்கும். இங்கே பல்லி மாதிரி ஊர்ந்து போய், அச்சுப்பொறிக்குப் பக்கத்துத் தரைப்பலகையை விரல் அகலத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

முதலில் தெரிந்தவை கால்கள். பதினாலு ஜோடி. பிறகு எவர்சில்வர் டப்பாக்கள். தனிஸ்லாஸ் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, அச்சுப்பொறியின் மேல்வாயில் கோயிலில் பூசைச் சாமான் அடுக்குவது போல அடுக்கினார்.

“என் டப்பாவ ஓரத்துக்குத் தள்ளாதீங்க சார். நேத்தே ரசம் ஆறிப்போச்சு.”

“புதுசா வந்தவங்களுக்கு ஓரம்தாம்மா. ஒரு வருஷம் போகட்டும், நடுவுக்கு வரலாம்.”

“புதுசா? தண்ணி ஆபீஸ்ல எனக்குப் பன்னெண்டு வருஷ சர்வீஸ்!”

“அது தண்ணி. இது காத்து.”

“முன்னாடி ஆறு டப்பா. நிம்மதியா இருந்துச்சு,” என்றது ஒரு பழைய குரல். “தண்ணி ஆபீஸ இதோட சேத்தாலும் சேத்தாங்க, ஒரு இட்லி வைக்க எடமில்ல.”

தனிஸ்லாஸ் பொத்தானை அழுத்தினார். கதவு விதிகள், மூன்றாம் பிற்சேர்க்கை, பக்கம் ஒன்று வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்க்கக்கூட யாரும் திரும்பவில்லை. அத்தனை கண்ணும் டப்பாக்களின் மேல். வலையில் ஊசி நுழைய இடமில்லை. விசிறி விரட்டிய காற்று டப்பாக்களின் அடியில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி, வலைக்கு அடியில் போகும் கம்பிக்கட்டின் மேலேயே தேங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நெய் வாசனை வந்தது. அப்புறம் புளிக்குழம்பு. பதினாலு பேரும் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். எல்லோர் நாக்குக்கு அடியிலும் சூட்டுச் சில்லு இருந்தது. இருந்து என்ன? அது வாசனை தராது.

ஒச்சப்பனுக்கு ஒரு நிமிஷம் கோபமே வரவில்லை. இத்தனை நாள் தன்னைப் போட்டு ஆட்டியது இதுதானா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது. பலகையைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க. என்னையக் கப்பல் ஏத்திவிட்டுட்டுச் சாப்பிடுங்க!”

ஒரு பெண் அலறினாள். யாரோ டப்பாவைத் துணியால் மூடினார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தலைமை அலுவலர் கோமளவல்லி முன்னால் வந்தார். ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சேலை. நடுவில், அதிகச் சூடு படும் இடத்தில் இருந்த டப்பா அவருடையது.

“ஒச்சப்பன், மேலே ஏறி வாங்க,” என்றார். “தரையில தலை மட்டும் தெரிஞ்சா எனக்குப் பேச்சு வரலை.”

அவர் ஏறி வந்தார். முதலில் டப்பாக்களை எடுத்துத் தரையில் வைத்தார். ஒவ்வொன்றும் கையைச் சுட்டது.

“ஒங்க ரசம் கொதிக்கல மேடம். எங்கம்பி கொதிக்குது. வாயப் பொத்துனா மனுசனுக்கே மூச்சு திரும்பும், யந்திரத்துக்குத் திரும்பாதா? ரெண்டு வாட்டி பொகஞ்சப்பவும் ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என் உறை சரியில்ல, என் கட்டு சரியில்லன்னு எழுத விட்டுட்டு நின்னீக.”

“நாங்க பத்து நிமிஷம்தான் அண்ணாச்சி…” என்று ஆரம்பித்தார் தனிஸ்லாஸ்.

“முக்கா மணி. அந்தக் குடைப்பய சொல்லிட்டான்.”

கோமளவல்லி கதவின் தாழைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தப்புதான். நீங்க எழுதிக் கொடுத்தா அதோட முடிஞ்சுது. உங்க மேல பழி இருக்காது. ஆனா அடுப்புத் தடையை மீறினா ஒரே தடவைதான் ஒச்சப்பன், மூணு தடவை கிடையாது. பதினாலு பேரும் கப்பல் ஏறணும். தனிஸ்லாஸோட பொண்ணு இங்கேயே பொறந்தவ. ஆறு வயசு. அந்த எலும்பை வெச்சுக்கிட்டு அவளால பூமியில எழுந்து நிற்க முடியாது.”

அதுதான் ஒச்சப்பனை நிறுத்தியது. எழுந்து நிற்க முடியாமல் கிடப்பது என்ன என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“நான் எழுதல,” என்றார் கடைசியில். “டப்பா மட்டும் நிக்கணும்.”

“சத்தியமா நின்னுரும் அண்ணாச்சி!”

அவர் நம்பவில்லை. மறுநாள் பன்னிரண்டேகாலுக்குக் கதவைத் தட்டினார். உள்ளே மூன்று டப்பாக்கள் இருந்தன. “இன்னைக்கு ஒரு நாள் மட்டும்” என்றார்கள். அதற்கடுத்த நாள் ஐந்து இருந்தன. அதற்குப் பிறகு ஒச்சப்பன் கோமளவல்லியிடம் போய் நின்றார்.

“சூடே இல்லாத யந்திரம் இருக்காம்ல, மையைப் பீச்சி எழுதுறது. அத வரவழைங்க. சூடு இருந்தாத்தான டப்பா வரும்? வேரோட வெட்டி விட்ருவோம்.”

எழுதிப் போட்டார்கள். கப்பல் வர நாற்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த நாற்பது நாளும் ஒச்சப்பன் மத்தியான வேளையில் மேல்வாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினாலு பேரும் எதிரே உட்கார்ந்து, ஆறிய ரசத்தைக் குடித்துக்கொண்டு அவரை முறைத்தார்கள். அவரும் தன்னுடைய ஆறிய சோற்றைத் தின்றுகொண்டு அவர்களை முறைத்தார். புகை வரவில்லை.

குளிர் அச்சுப்பொறி வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, பழையதில் பாதி அளவுதான். நாள் முழுக்க ஓடினாலும் தொட்டால் சில்லென்றிருந்தது. ஒச்சப்பன் உள்ளே கைவிட்டுக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். உறை இல்லை, டேப் இல்லை, வெறும் கம்பிகள். மெழுகில் தோல் போட்டிருந்தால்கூட உருகாது. இனி மூன்றாம் புகை என்பதே கிடையாது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் கொஞ்சம் சிரித்தார்.

அளவன் அளந்து முடித்தான். “இருபத்தாறு டிகிரி. சூடு இல்லை. ஆகவே கம்பிகளுக்குக் காப்பு தேவையில்லை. ஆகவே கம்பிக் காப்பாளர் தேவையில்லை. தங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது. பணி இல்லாதவருக்கு இங்கே இடமில்லை. பூமிக்குக் கப்பல் வரும் வெள்ளிக்கிழமை.”

“டேய், நாந்தானடா இந்த யந்திரத்த வரச் சொன்னேன்!”

“பதிவு செய்யப்பட்டுள்ளது. நன்றி.”

புகை வந்தாலும் பூமி, வராவிட்டாலும் பூமி. சட்டத்தில் அந்த ஓட்டை இருப்பது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. உசிலம்பட்டிப் பின்னறையும், தலைக்கு மேலே ஓடும் ஃபேனும், “யாராச்சும் வாங்களேன்” என்று தான் கூப்பிட்ட குரலும் ஞாபகத்துக்கு வந்தன. அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றி நாலு முறை நடந்தார்.

இதற்குள் புதிய அச்சுப்பொறியின் மேல் புகார்கள் குவிந்தன. அலுவலகத்திலிருந்து பதினாலு. ‘எழுத்தில் உயிர் இல்லை.’ ‘சத்தம் போதவில்லை.’ ‘யந்திரம் வேலை செய்வது போலவே தெரியவில்லை.’ யாரும் டப்பாவைப் பற்றி எழுதவில்லை. வியப்பு என்னவென்றால் வரிசையில் நிற்கிறவர்களிடமிருந்தும் இருநூறு புகார்கள் வந்தன. சீட்டு சில்லென்று இருக்கிறதாம். நேற்றைய சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறதாம். கையில் வாங்கும்போது சுட்டால்தான் இன்றைக்கு உண்டான மூச்சு என்று மனசு ஒப்புகிறதாம்.

புதன்கிழமை கோமளவல்லி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அளவனும் இருந்தான்.

“ஒச்சப்பன், சின்ன வேலை ஒண்ணு. புது யந்திரத்துக்குள்ள ஒரு ஹீட்டர் வைக்கணும்.”

“எதுக்குள்ள?”

“புதுசுக்குள்ள. மேல்பக்கமா. பழசுல இருந்த உருளையையே எடுத்து மாட்டிடலாம். காகிதத்துல ஈரம் தங்குதுன்னு புகார் வந்திருக்கு. அதனால ஈர நீக்கி.”

அல்லிக்குழியின் காற்றில் ஈரம் என்ற பேச்சே கிடையாது. துவைத்த வேட்டி உதறி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் உதடு வெடித்திருக்கும். ஒச்சப்பன் கோமளவல்லியின் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

“ஈரமா? இங்கயா?”

“படிவத்துல ஈர நீக்கின்னு ஒரு கட்டம் இருக்கு,” என்றார் கோமளவல்லி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“ஈர நீக்கிக்கு அனுமதி உண்டு,” என்றான் அளவன். “வெப்பம் இருநூறு டிகிரி. அருகில் மின்கம்பிகள் உள்ளன. கம்பிகளுக்குக் காப்பு தேவை. காப்புக்குக் காப்பாளர் ஒருவர் தேவை. பணியிடம் மீண்டும் தோற்றுவிக்கப்படுகிறது.”

“அப்ப வெள்ளிக்கிழம கப்பலு?”

“தங்கள் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.”

ஒச்சப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சூடே இல்லாத யந்திரத்தை, சூட்டுக்குப் பயந்து, எட்டாத தூரத்திலிருந்து கொண்டுவந்தாகிவிட்டது. இப்போது அதற்குள் சூட்டை வைக்க வேண்டும். வைத்த சூட்டிலிருந்து கம்பியைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற அவர் இருக்க வேண்டும். அவருடைய கால் ரசத்தின் தயவில் நிற்கிறது. இதில் எந்த இடத்தில் சிரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேலையை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். கம்பிகள் மொத்தத்தையும் அவிழ்த்து, சூட்டுக்குக் கீழே, யந்திரத்தின் அடிவயிற்றோடு சுற்றுவழியில் கொண்டுபோனார். உருளைக்கும் கம்பிக்கும் நடுவே தகடு ஒன்றைச் செருகி, தகட்டுக்கு இரண்டு பக்கமும் விரல் நுழைய இடைவெளி விட்டார். ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணாடி நூல் உறை. கடைசியாக மேல்வாய்க்கு மேலே நாலு விரல் உயரத்தில், காலிடுக்கில் காற்று போகும்படி ஒரு கம்பித் தாங்கி. தாங்கி எதற்கு என்று அளவன் கேட்கவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பதினாலு டப்பாக்களும் வந்தன. இந்த முறை கதவைத் தாழிடவில்லை. மூலையில் அளவன் நின்றான். தனிஸ்லாஸ் தாங்கியின் மேல் டப்பாக்களை அடுக்கிவிட்டு, முந்நூறு பக்கத்துக்குக் கட்டளை கொடுக்கக் கையை நீட்டினார்.

“நில்லுய்யா,” என்றார் ஒச்சப்பன். “எனக்கு ஒன்னு வெளங்கல மேடம். சூடுதான வேணும்? சூட்டுக்கு மட்டும் தனியா ஒரு சுவிட்சு வெச்சுத் தாரேன். அஞ்சு நிமிச வேலை. இந்த முன்னூறு பக்கத்த எதுக்கு அடிச்சுத் தொட்டியில போடணும்?”

அறை திடுக்கிட்டுப் போனது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணாச்சி, மெதுவா!” என்றார் தனிஸ்லாஸ்.

கோமளவல்லி அளவனை ஒருமுறை பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். “அச்சடிக்காம சூடு பண்ணினா அது அடுப்பு, ஒச்சப்பன். அடுப்புக்குத் தடை இருக்கு.”

“அச்சடிச்சுக்கிட்டே சூடு பண்ணுனா?”

“அது ஆபீஸ் வேலை.”

“சரியான விளக்கம்,” என்றான் அளவன்.

பொத்தான் அழுந்தியது. யாருக்கும் வேண்டாத முதல் பக்கம் வந்து விழுந்தது, பிறகு இரண்டாவது. டப்பாக்களின் விளிம்பில் ஆவி கட்டத் தொடங்கியது. கோமளவல்லி தன் டப்பாவின் மூடியில் கொஞ்சம் சாம்பார் சாதத்தை எடுத்து வைத்து, “உங்களுக்குத்தான் முதல்ல,” என்று அவரிடம் நீட்டினார். ஒச்சப்பன் வாங்கவில்லை. குனிந்து, தாங்கியின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். காற்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கீழே கம்பிப் பக்கம் தொட்டார். சில்லென்றிருந்தது. மறுபடியும் மேலே வைத்துப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“இன்னைக்குப் பதினாலு,” என்றார். “நாளைக்கு எந்த ஆபீஸக் கொண்டாந்து இதோட சேக்கப் போறீகளோ.”

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, நீண்ட நடைவழியில் நடந்தார். பின்னால் கரண்டிச் சத்தமும், யாரோ “ஸ்ஸ், சுடுது!” என்று சந்தோஷமாகச் சொல்வதும் கேட்டன. அவர் திரும்பவில்லை.

“ஆபீஸ் வேலையாம்ல,” என்று சொல்லிக்கொண்டே வளைவில் திரும்பிப் போனார்.